டாம்கேட் ஏன் எழவில்லை? ஜாவா செயலியைச் சர்வரில் ஏற்றப் போகிறவர்களுக்கு

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை வாங்கும் மையம் ஒன்றில் நான் கிராணி. லோரியை எடை போடுவது, ரசீது கொடுப்பது, மாதக் கடைசியில் சிறுதோட்டக்காரர்களுக்குக் கணக்கு முடிப்பது எல்லாமே ஒரு ஜாவா செயலியில்தான். அந்தச் செயலியை ஓட்டும் மென்பொருளின் பெயர் டாம்கேட். பல வருடமாக அது ஆபீஸ் மேசைக்குக் கீழே கிடந்த விண்டோஸ் கணினியில் ஓடியது. போன வருடம் ஒரு சாயங்காலம் இடி இறங்கி, கணினியும் மோடமும் ஒன்றாகப் போயின. செயலியை எழுதிக் கொடுத்த தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். முதலாளி என்னைப் பார்த்து, "கிராணி, நீங்கதானே கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு" என்றார். எனக்குத் தெரிந்தது எக்செல்.

செயலியை வாடகை சர்வரில் ஏற்றி ரசீது அடிக்க எனக்கு 11 நாள் பிடித்தது. எது எங்கே கடிக்கும் என்று தெரிந்திருந்தால் ஒரு நாள் வேலை. செயலியின் நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை. 11 நாளும் அமைப்புகளோடுதான் மல்லுக்கட்டு. நான் விழுந்த குழிகளைத் தாண்டும் வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. முதலில் கையில் சேர்க்க வேண்டியவை

வார் கோப்பு (செயலி முழுவதையும் கட்டிவைத்த கோப்பு) ஒன்று போதும் என்று நினைத்துத்தான் நான் தொடங்கினேன். போதாது. இவை எல்லாம் கையில் வந்த பிறகு உட்காருங்கள்: வார் கோப்பு, மூலநிரல், டேட்டாபேஸ் பேக்கப், கடவுச்சொல் இருக்கும் அமைப்புக் கோப்பு, பழைய டாம்கேட்டின் முழு அடைவு (ஃபோல்டர்). கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அதில் 'கான்ஃப்', 'லிப்' என்று இரண்டு அடைவுகள் இருக்கும். டேட்டாபேஸ் இணைப்பு விவரமும், ஜாவாவை மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸோடு பேச வைக்கும் டிரைவரும் வார் கோப்புக்குள் இல்லாமல் அங்கே உட்கார்ந்திருக்கும். எரிந்த கணினியின் ஹார்ட்டிஸ்கிலிருந்து அவற்றை எடுக்க ஈப்போவில் ஒரு கடையில் 150 வெள்ளி கொடுத்தேன். கொடுத்த காசில் அதுதான் உருப்படியான செலவு.

அந்தப் பேக்கப்பில் தோட்டக்காரர்களின் அடையாள அட்டை எண் உண்டு. உதவி கேட்கிறேன் என்று அதை அப்படியே வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மைப் போன்ற சின்ன வியாபாரத்துக்கும் உண்டு.

செலவைச் சொல்லிவிடுகிறேன். 2 ஜிபி நினைவகம் உள்ள வாடகை சர்வருக்கு மாதம் 50 வெள்ளியை ஒட்டி எனக்கு ஆகிறது. சிங்கப்பூரில் உள்ள தரவு மையத்தைத் தேர்ந்தெடுத்தால் நம் பக்கம் வேகம் நன்றாக இருக்கும். வெளிநாட்டு நிறுவனம் என்றால் பில்லில் சேவை வரியும் வரலாம். 2020-இல் 6 விழுக்காட்டில் தொடங்கி, 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. டெபிட் கார்டில் கட்டப் போகிறீர்கள் என்றால், வெளிநாட்டு ஓன்லைன் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் முதலில் திறந்துவிடுங்கள். திறக்காமல் மூன்று தடவை முயன்றதில் என் கணக்கையே சந்தேகத்துக்குரியது என்று நிறுத்தி வைத்தார்கள். ஒரு நாள் அதிலேயே போனது.

2. ஜாவா, டாம்கேட் பதிப்புகளைப் பொருத்துங்கள்

என் 11 நாளில் 4 நாள் இங்கே போனது. அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

புதுசாக எடுப்பதை நல்லதாக எடுப்போம் என்று உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டேன். அதில் வரும் டாம்கேட் பதிப்பு 10. வார் கோப்பை வைத்தேன், முகப்புப் பக்கம் வந்தது, லாகின் பொத்தானை அழுத்தினால் 'பக்கம் இல்லை' என்ற 404. டாம்கேட் நடந்ததை எழுதிவைக்கும் லாக்கில் ஒரு பிழைகூட இல்லை. பிழை வந்தாலாவது அதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

காரணம் இதுதான். டாம்கேட் 9 வரை சர்வ்லெட் (பிரவுசரின் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரல்) வகுப்புகள் 'ஜாவாஎக்ஸ்' என்ற பெயர்வெளியில் இருந்தன. பதிப்பு 10 முதல் அது 'ஜக்கார்த்தா' ஆனது. பழைய செயலியில் சர்வ்லெட்டுகளை நிரலுக்குள்ளேயே குறியிட்டு அறிவித்திருந்தால், புது டாம்கேட்டுக்கு அவை கண்ணிலேயே படாது. சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். அதனால்தான் 404. 'வெப்.எக்ஸ்எம்எல்' கோப்பில் அறிவித்திருந்தால் கொஞ்சம் அதிர்ஷ்டம், 'ஜாவாஎக்ஸ் சர்வ்லெட் வகுப்பைக் காணோம்' என்றாவது கத்தும்.

இரண்டு வழி உண்டு. டாம்கேட் 9 தொகுப்போடு வரும் உபுண்டு 22.04-க்குப் போகலாம், நான் அப்படித்தான் போனேன். இல்லையென்றால் அப்பாச்சி டாம்கேட் குழுவே கொடுக்கும் ஜக்கார்த்தா மாற்றக் கருவியில் வார் கோப்பைக் கொடுத்துப் புது வார் கோப்பு வாங்கலாம். உபுண்டு 22.04-இன் வழக்கமான ஆதரவு 2027-இல் முடிகிறது. அதற்குள் நானும் இரண்டாவது வழிக்கு வந்தாக வேண்டும்.

ஜாவா பதிப்புக்கும் கணக்கு உண்டு. டாம்கேட் 9-க்கு ஜாவா 8 போதும், 10.1-க்குக் குறைந்தது 11, பதிப்பு 11-க்குக் குறைந்தது 17. செயலி தொகுக்கப்பட்டதைவிட சர்வரில் இருக்கும் ஜாவா பழையதாக இருந்தால் வகுப்புக் கோப்பின் எண்ணைச் சொல்லிப் பிழை வரும். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. 'கோப்பு 61, நான் 55 வரைதான் படிப்பேன்' என்று சொன்னால் ஜாவா 17 போடச் சொல்கிறது, அவ்வளவுதான்.

இதில் ஒரு பொறி. முனையத்தில் 'ஜாவா வெர்ஷன்' என்று கேட்டால் 17 என்று காட்டும். டாம்கேட் ஓடுவது 11-இல் இருக்கும். சேவையாக எழும் டாம்கேட், நீங்கள் உங்கள் கணக்கில் எழுதி வைத்த 'ஜாவா ஹோம்' வரியைப் படிப்பதில்லை. உபுண்டுவில் ஈடிசி அடைவுக்குள் 'டீஃபால்ட்' அடைவில் உள்ள 'டாம்கேட்9' கோப்பில் எழுதினால்தான் படிக்கும். எதில் ஓடுகிறது என்று ஊகிக்கவும் வேண்டாம்: டாம்கேட் எழும்போது லாக்கின் முதல் சில வரிகளில் தன் பதிப்பு, ஜாவா இருக்கும் இடம், அதன் பதிப்பு எல்லாவற்றையும் தானே எழுதிவிடும்.

3. வார் கோப்பை நேராக வெப்ஆப்ஸில் போடாதீர்கள்

எங்கள் பக்கம் மழை பிடித்தால் லைன் அறுந்து அறுந்து வரும். 60 எம்பி வார் கோப்பை நேராக 'வெப்ஆப்ஸ்' அடைவுக்குள் ஏற்றினேன். டாம்கேட் அந்த அடைவைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பாதிக் கோப்பு வந்தவுடனே பிரிக்கத் தொடங்கி, 'ஜிப் கோப்பைத் திறக்க முடியவில்லை' என்று விழுந்தது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து நானும் ஈப்போ கடைக்குப் போன் போட்டேன். கோப்பு நன்றாகத்தான் இருந்தது.

முதலில் உங்கள் வீட்டு அடைவில் ஏற்றுங்கள், அளவு சரியா என்று பாருங்கள், அப்புறம் 'எம்வி' கட்டளையால் வெப்ஆப்ஸுக்கு நகர்த்துங்கள். நகர்த்திய கோப்பு, சர்வரின் தலைமைப் பயனரான ரூட் பெயரில் பூட்டிக்கிடந்தால் டாம்கேட்டால் படிக்க முடியாது. உரிமையை 'டாம்கேட்' பயனருக்கு மாற்றுங்கள். முகவரியில் செயலியின் பெயர் இல்லாமல் நேராக வர வேண்டுமானால் கோப்புப் பெயரைப் பெரிய எழுத்தில் 'ரூட்.வார்' என்று வையுங்கள். சின்ன எழுத்தில் வைத்தால் அது வேறு செயலி. லினக்ஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து விஷயத்தில் விண்டோஸ் மாதிரி விட்டுக்கொடுக்காது; எங்கள் லோகோ படம் வராததற்கும் அதுதான் காரணம்.

ஏற்றிய படங்கள் எங்கே சேர்கின்றன என்பதையும் இப்போதே பாருங்கள். எங்கள் செயலி எடைச் சீட்டுப் படங்களை வெப்ஆப்ஸுக்குள் தன் அடைவிலேயே வைத்திருந்தது. புது வார் கோப்பு போட்டவுடன் டாம்கேட் பழைய அடைவை அழித்துவிட்டுப் புதிதாகப் பிரிக்கும். இரண்டு நாள் சீட்டுகள் ஒரு நொடியில் காணாமல் போயின. லோரி டிரைவர்களிடம் தாள் சீட்டை வாங்கித் திரும்பப் படம் பிடித்தேன்.

சரி, வெளியே ஓர் அடைவு உருவாக்கி உரிமையெல்லாம் கொடுத்தால், 'படிக்க மட்டுமேயான கோப்பு முறை' என்று மறுக்கும். இது உபுண்டு, டெபியன் தொகுப்புகளின் தனிக் குணம். பாதுகாப்புக்காக டாம்கேட் சேவைக்கு ஒருசில அடைவுகளில் மட்டுமே எழுத விடுகிறார்கள். உரிமையை எத்தனை தடவை மாற்றினாலும் தீராது. 'சிஸ்டம்சிடிஎல் எடிட் டாம்கேட்9' என்று திறந்து, சர்வீஸ் பகுதியில் 'ரீட்ரைட்பாத்ஸ்' வரியில் உங்கள் அடைவைச் சேர்த்து, டாம்கேட்டை மறுபடி எழுப்புங்கள்.

4. பிரவுசரைப் பார்க்காதீர்கள், லாக்கைப் பாருங்கள்

பிரவுசர் 404 அல்லது 500 என்று சொல்லும், காரணம் சொல்லாது. லாக்கில் 'கேட்டலினா' என்று தொடங்கும் கோப்பைத் திறந்தால், 'ஒன்றோ பலவோ லிசனர்கள் தொடங்கவில்லை, முழு விவரம் உரிய லாக் கோப்பில்' என்று ஒரு வரி இருக்கும். அந்த உரிய கோப்பு எது என்று அது சொல்லாது. நான் சொல்கிறேன்: அதே அடைவில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தொடங்கி அன்றைய தேதியோடு இருக்கும் கோப்பு. இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு ராத்திரியும் நான்கு தே ஓ-வும் ஆனது.

பிழை வந்தால் நூறு வரி கொட்டும். பயப்பட வேண்டாம். 'காஸ்ட் பை' என்று தொடங்கும் வரிகளை மட்டும் தேடி, அவற்றில் கடைசியாக வருவதைப் படியுங்கள். மேலே உள்ளதெல்லாம் அதன் விளைவு. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், செய்ததை நோட்டில் எழுதுங்கள். ஒரே நேரத்தில் மூன்று மாற்றம் செய்து சரியாகிவிட்டால் எது சரி செய்தது என்று தெரியாது. சரியாகாவிட்டால் எதைத் திருப்புவது என்றும் தெரியாது.

'முகவரி ஏற்கனவே பயன்பாட்டில்' என்று வந்தால் டாம்கேட் காத்திருக்கும் 8080 போர்ட்டை (இணைப்பு வாசல்) வேறு ஏதோ பிடித்திருக்கிறது. பெரும்பாலும் அது நீங்களே முன்பு எழுப்பிவிட்டு மறந்த இன்னொரு டாம்கேட். 'எஸ்எஸ்' கட்டளையில் யார் என்று தெரியும். இரண்டு டாம்கேட் வேண்டும் என்றால் 8080-ஐ மட்டும் மாற்றினால் போதாது, நிறுத்தும் போர்ட்டான 8005-ஐயும் மாற்றுங்கள்.

5. டேட்டாபேஸ் இணைப்பு

இணைப்பு விவரம் 'கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்' கோப்பில் இருந்தால் மைஎஸ்கியூஎல் டிரைவரை டாம்கேட்டின் 'லிப்' அடைவில் வையுங்கள். பழைய 5.1 டிரைவர் பலதும் மைஎஸ்கியூஎல் 8-இன் புதுக் கடவுச்சொல் முறையைப் புரிந்துகொள்ளாது. புது டிரைவர் எடுங்கள்.

இணைப்பு முகவரியில் ஒன்றுக்கு மேல் அமைப்புகள் இருந்தால் நடுவே & குறி வரும். எக்ஸ்எம்எல் கோப்பில் அதை வெறுமனே எழுதினால் கோப்பே படிக்கப்படாது. & குறியை அடுத்து ஏ, எம், பி என்ற மூன்று எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் சேர்த்து எழுத வேண்டும்.

விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் ஒன்று: அங்கே அட்டவணைப் பெயர்கள் சின்ன எழுத்தில் சேமிக்கப்பட்டிருக்கும், நிரலில் பெரிய எழுத்தில் இருக்கும், ஒன்றும் ஆகாது. லினக்ஸுக்கு வந்ததும் 'அப்படி ஓர் அட்டவணை இல்லை' என்று சொல்லும். இதற்கான 'லோயர் கேஸ் டேபிள் நேம்ஸ்' அமைப்பை மைஎஸ்கியூஎல் 8-இல் முதல் நிறுவலின்போதுதான் வைக்க முடியும். எனவே பேக்கப்பை ஏற்றுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். நான் பேக்கப்பை ஏற்றி முடித்த பிறகு கண்டுபிடித்து, மைஎஸ்கியூஎல்லைப் பிடுங்கித் திரும்ப நட்டேன்.

அப்புறம் காலைப் பிழை. எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகும் தினம் காலையில் முதல் ரசீது மட்டும் 'தொடர்பு அறுந்தது' என்று விழும்; இரண்டாவது சரியாகப் போகும். மையம் சாயங்காலம் 5 மணிக்கு மூடி காலை 7 மணிக்குத் திறக்கிறது. 28,800 வினாடி, அதாவது 8 மணி நேரம், யாரும் பேசாத இணைப்பை மைஎஸ்கியூஎல் அறுத்துவிடும். டாம்கேட்டோ அந்தச் செத்த இணைப்பையே எடுத்து முதல் லோரிக்குக் கொடுக்கும். எங்கள் செயலி பயன்படுத்திய டாம்கேட் ஜேடிபிசி பூலில் (திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம்) இணைப்பைச் சோதித்துக் கொடுக்கும் வசதி இயல்பாக அணைந்திருக்கும். 'டெஸ்ட்ஆன்பாரோ' என்பதை 'ட்ரூ' ஆக்கி, சோதனை வரியாக 'செலக்ட் 1' என்று கொடுங்கள்.

6. தேதியும் தமிழ்ப் பெயரும்

ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள், காலையில் குலை கொண்டுவந்த ஓர் அக்கா ரசீதைத் திருப்பிக் காட்டினார். "என்ன கிராணி, நேத்து தேதி போட்டிருக்கீங்க?" மணி 7.30. சர்வர் உலகப் பொது நேரத்தில் இருந்தது. அங்கே அப்போது முந்தைய நாள் இரவு 11.30. காலை 8 மணிக்கு முன் அடித்த ரசீதெல்லாம் நேற்றைய விலையில் போயிருந்தன. 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையால் சர்வரை 'ஏஷியா/கோலாலம்பூர்' நேரத்துக்கு மாற்றி, மைஎஸ்கியூஎல்லையும் டாம்கேட்டையும் மறுபடி எழுப்புங்கள். டிரைவர் '+08 என்றால் எந்த நேர மண்டலம் என்று புரியவில்லை' என்று முரண்டு பிடித்தால், இணைப்பு முகவரியில் 'சர்வர்டைம்ஸோன்' என்று அதே கோலாலம்பூர் பெயரைக் கொடுங்கள்.

பெயர் விஷயம் இதைவிடத் தொல்லை. முனுசாமி என்ற பெயர் ரசீதில் எட்டுக் கேள்விக்குறியாக வந்தது. எழுத்து நான்குதானே என்று நான் குழம்பினேன். கணினிக்கு 'மு' என்பது ஓர் எழுத்தும் ஓர் உகரக் குறியும். அப்படி எண்ணினால் எட்டு. எங்கே உடைகிறது என்று பார்க்க முதலில் டேட்டாபேஸைத் திறந்து அந்தப் பெயரைப் பாருங்கள். அங்கேயே கேள்விக்குறி என்றால் பெயர் தொலைந்தது. அட்டவணையை 'யுடிஎஃப்8எம்பி4' ஆக்கிவிட்டுப் பேக்கப்பிலிருந்து திரும்ப ஏற்றுங்கள். அங்கே சரியாக இருந்து ரசீதில் மட்டும் கேள்விக்குறி என்றால் ஜாவா பக்கம் சிக்கல். ஜாவா 18-க்கு முந்தைய பதிப்புகள் சர்வரின் மொழி அமைப்பைத்தான் நம்பும். 'ஃபைல்.என்கோடிங்' என்பதை யுடிஎஃப்-8 என்று டாம்கேட் அமைப்பில் எழுதுங்கள். கேள்விக்குறிக்குப் பதில் மேலே கோடு விழுந்த ஏ-யும் வட்டத்துக்குள் ஆர்-உம் மாறி மாறி வந்தால் சந்தோஷப்படுங்கள்: தரவு அநேகமாக உயிரோடு இருக்கிறது, தப்பான எழுத்துமுறையில் படிக்கிறீர்கள்.

7. நினைவகம்

1 ஜிபி சர்வரில் மைஎஸ்கியூஎல்லையும் டாம்கேட்டையும் சேர்த்து ஓட்டி மிச்சம் பிடிக்கலாம் என்று பார்க்காதீர்கள். எதுவும் சொல்லாவிட்டால் ஜாவா மொத்த நினைவகத்தில் கால் பங்கு வரைதான் எடுக்கும், மாதக் கணக்கு முடிக்கும்போது போதாமல் விழும். அதிகம் கொடுத்தால் லினக்ஸே டாம்கேட்டைக் கொன்றுவிடும். அப்போது டாம்கேட் லாக்கில் ஒன்றும் இருக்காது, 'டிமெஸ்ஜி' (டி, எம், இ, எஸ், ஜி) என்று தட்டினால் 'கில்டு' என்று காட்டும். 2 ஜிபி எடுத்து ஜாவாவுக்கு 768 எம்பி கொடுத்தேன். அதற்குப் பிறகு தொல்லை இல்லை.

8. டொமைன், என்ஜின்எக்ஸ், பூட்டுச் சான்றிதழ்

.காம்.மை பெயர் வேண்டுமானால் கம்பெனி ஆணையத்தில் பதிந்த சான்றிதழ் வேண்டும். முதலாளியின் பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒன்றா என்று முன்கூட்டியே பாருங்கள்.

பிரவுசர் தேடி வரும் 80, 443 போன்ற, 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளைச் சாதாரணப் பயனர் திறக்க முடியாது. அதற்காக டாம்கேட்டை ரூட்டாக ஓட்டாதீர்கள். முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்து, வரும் கோரிக்கைகளை 8080-க்கு அனுப்பச் சொல்லுங்கள். 502 வந்தால் என்ஜின்எக்ஸ் நலம், பின்னால் டாம்கேட் எழவில்லை என்று அர்த்தம். படம் ஏற்றும்போது 413 வந்தால் என்ஜின்எக்ஸின் 1 எம்பி வரம்பு. 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' என்ற வரியை உயர்த்துங்கள்.

இணைப்பைப் பூட்டிப் பாதுகாக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம், 90 நாள் செல்லும். 80 போர்ட் சர்வரின் தீச்சுவரிலும் (ஃபயர்வால்) வாடகை நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகையிலும் திறந்திருக்க வேண்டும். ஒன்றைத் திறந்துவிட்டு இன்னொன்றை மறப்பது வழக்கம். டொமைன் சர்வரைக் காட்டத் தொடங்கும் முன்னே அவசரப்பட்டுத் திரும்பத் திரும்ப முயலாதீர்கள். ஒரு மணி நேரத்தில் 5 தடவை தோற்றால் கதவை மூடிவிடுவார்கள். லெட்ஸ் என்கிரிப்ட்டின் சோதனைச் சர்வரில் முயன்று பார்த்துவிட்டு நிஜத்துக்கு வாருங்கள்.

9. லோரி வராத நேரத்தில் ஒரு ரீபூட்

எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்ததும் சர்வரை முழுசாக ஒருமுறை அணைத்து எழுப்பிப் பாருங்கள். 'ஸ்டார்ட்' கொடுத்திருப்போம், 'எனேபிள்' கொடுக்க மறந்திருப்போம். அடுத்த ரீபூட்டில் டாம்கேட் எழாது. இதை இரவு 9 மணிக்கு மேல் செய்யுங்கள். நான் மதியம் 2 மணிக்குச் செய்தேன். எடைப்பாலத்தில் மூன்று லோரி நின்றன, மூன்றாவது லோரிக்காரர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ரசீது புத்தகத்தைத் தேடி எடுத்துக் கையால் எழுதிக் கொடுத்தேன். அந்தப் புத்தகம் இன்னும் மேசை டிராயரில்தான் இருக்கிறது, கார்பன் தாளோடு.